11 வரி நிரலை நம்பியிருந்த மென்பொருள் உலகம்

2016 மார்ச் 22ஆம் தேதி, உலகின் பல பாகங்களில் மென்பொருள் உருவாக்குவோரின் நிறுவல் பணிகள் திடீரெனத் தடைப்பட்டன. 'லெஃப்ட் பேட்' என்ற நிரல்பொதியைக் காணவில்லை என்று கணினிகள் அறிவித்தன.

எழுத்துத் தொடரின் இடப்புறத்தை நிரப்பித் தரும் இந்நிரல் 11 வரிகளே கொண்டது. ஆனால் 'பேபல்' போன்ற பெரிய கருவிகளும் அதைச் சார்ந்திருந்தன.

ஒரு பெயர்த் தகராறே இதற்குக் காரணம். நிரலாளர் அசர் கோச்சுலு தமது பொதி ஒன்றுக்குச் சூட்டியிருந்த 'கிக்' என்ற பெயரை, அதே பெயருடைய கனடா நிறுவனம் கோரியது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் பொதுக் களஞ்சியத்தை கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலிருந்து நடத்திவந்த என்பிஎம் நிறுவனம் அக்கோரிக்கையை ஏற்றது. அதனை எதிர்த்து, கோச்சுலு தமது 250க்கும் அதிகமான பொதிகளை விலக்கிக்கொண்டார். அவற்றுள் லெஃப்ட் பேட்டும் ஒன்று.

சுமார் இரண்டரை மணி நேரத்தில் என்பிஎம் அதனை மீட்டது. வெளியாகி 24 மணி நேரம் கடந்த பொதியை எழுதியவர் தாமாகவே நீக்க இயலாது என்ற விதியும் அம்மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது.

இவ்விதி நிறுவல்களுக்குப் பாதுகாப்பளித்தது. அதேவேளை, படைத்தவரின் அதிகாரம் களஞ்சிய உரிமையாளரிடம் சென்றது. 2020இல் அக்களஞ்சியம் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான கிட்ஹப் வசமானது.

ஊதியமின்றி எழுதப்படும் நிரல்களைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனங்கள், அவற்றை எழுதுவோருக்கு ஆற்ற வேண்டிய கடமை என்ன? புதிய விதி இக்கேள்வியைத் தொடவில்லை.