வண்டுக்குப் பெயர் வைத்தால் போதுமா?

அம்பருக்குள் அடைபட்ட ஒரு வண்டு, புதிய இனம் என்று அறிவிக்கப்படுகிறது. படம் அழகாக இருக்கும். நாமும் பார்த்து, நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அது புதிய இனம் என்று எப்படி முடிவு செய்தார்கள், அந்த முடிவை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதைச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. உயிரியல் பயிலும் மாணவி என்ற முறையில், பெயரைவிட இந்தக் கேள்விதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், அம்பர் என்பது கல் அல்ல, மரப்பிசின். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை புகை போடும் சாம்பிராணியும் மரப்பிசின்தான். காயம்பட்ட மரத்திலிருந்து வடியும் பிசினில் பூச்சி ஒட்டிக்கொள்கிறது. மேலும் பிசின் வழிந்து அதை மூடுகிறது. மண்ணுக்குள் பல மில்லியன் ஆண்டுகள் கிடந்து இறுகி அம்பராகிறது. பாறையில் பதிந்த வண்டு பெரும்பாலும் நசுங்கிய தடமாகத்தான் கிடைக்கும். அம்பரிலோ காலில் உள்ள உரோமம்கூட அப்படியே இருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஆஞ்சிமோர்டெல்லா பர்மிட்டினா' என்ற வண்டு. வட மியன்மாரில் கச்சின் மாநிலத்தின் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கில் கிடைத்த அம்பரில் இருந்தது. வயது ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டுகள். 2019-இல் இதை விவரித்த ஆய்வாளர்கள், அதன் உடலில் 62 மகரந்தத் துகள்களைக் கண்டார்கள். அவை பூக்கும் தாவரத்தின் மகரந்தம். பூச்சிகள் பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்ததற்கான நேரடிச் சான்று, அதுவரை ஏறத்தாழ 48 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தையதாகத்தான் இருந்தது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு அந்த எல்லையை ஒரே அடியில் 50 மில்லியன் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சரி, அது புதிய இனம் என்று எப்படித் தெரிந்தது? வேலை மெதுவானது. அம்பரை வெட்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வண்டின் மேற்புறம், கீழ்ப்புறம், பக்கவாட்டு எல்லாம் தெரியும்படி செய்ய வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் உணர்கொம்பு போய்விடும்! பிறகு நுண்ணோக்கி, அதற்கும் எட்டாத இடங்களுக்கு மைக்ரோ சி.டி. ஸ்கேன். உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், பாதத்தில் எத்தனை கணுக்கள் என்று எண்ணுகிறார்கள். நான் சொன்ன வண்டின் குடும்பத்தில் முன்கால், நடுக்கால், பின்கால் பாதங்களின் கணுக்கள் 5-5-4 என்று வரும். பின்காலில் ஒன்று குறைவாக இருப்பது வெறும் விவரமாகத் தெரியலாம். குடும்பத்தைக் கண்டறிய அது பெரிய துப்பு.

அடுத்தது ஒப்பீடு. இன்று வாழும் வண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 400,000 இனங்களுக்குப் பெயர் உண்டு. அவற்றில் நெருங்கிய உறவுகளோடும், ஏற்கெனவே விவரிக்கப்பட்ட புதைபடிவங்களோடும் ஒவ்வோர் உறுப்பாக ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். இங்கே ஏமாற வாய்ப்புகள் நிறைய. வழிந்த பிசின் உடலை முறுக்கியிருக்கலாம். காற்றுக்குமிழி ஓர் உறுப்பை மறைத்திருக்கலாம். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடும் இனமாக இருந்தால், ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிடவும் கூடும். மரபணுவைச் சோதிக்கலாமே என்றால், இவ்வளவு பழைய அம்பரில் அதற்கு வழியில்லை.

ஆகவே, புதிய இனத்தின் பெயர் என்பது தீர்ப்பு அல்ல. மற்றவர் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கூற்று. அதனால்தான் விலங்குகளுக்குப் பெயரிடும் அனைத்துலக விதிகள், எந்த மாதிரியை அடிப்படையாக வைத்துப் பெயர் வைத்தீர்கள் என்பதைக் குறிப்பிடச் சொல்கின்றன. 'ஹோலோடைப்' எனப்படும் அந்த மூல மாதிரி எங்கே இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

மாதிரி பொது அருங்காட்சியகத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு சுவையான கதை உண்டு. அங்கே பால்டிக் அம்பருக்குள் ஓர் ஈ இருந்தது. 1922-இல் வாங்கப்பட்ட சேகரிப்பைச் சேர்ந்தது. வில்லி ஹென்னிக் என்ற பேரறிஞரே 1966-இல் அதை ஆராய்ந்து எழுதினார். இன்றைய ஈ ஒன்று இத்தனை மில்லியன் ஆண்டுகளாக மாறாமல் இருந்திருக்கிறது என்று எல்லோரும் வியந்தார்கள். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. யாரோ அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, சாதாரண ஈயை உள்ளே வைத்து ஒட்டியிருந்தார்கள். ஹென்னிக்கையே ஏமாற்றிய போலி பிடிபட்டதற்குக் காரணம், அந்த மாதிரி யாரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததுதான். யாரோ ஒருவரின் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் இன்றும் பாடநூலில் இருந்திருக்கும்.

மியன்மார் அம்பர் விஷயத்தில் என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான துண்டுகள் ஆய்வாளர் கையால் தோண்டி எடுத்தவை அல்ல. சுரங்கத்திலிருந்து சந்தைக்கு வந்து, எல்லை தாண்டிச் சீனாவின் தெங்சோங் போன்ற ஊர்களில் விலைபோனவை. சில தனியார் சேகரிப்புகளில் முடங்குகின்றன. 2017 ஜூனில் ஹுகாவ்ங் சுரங்கப் பகுதியை மியன்மார் இராணுவம் கைப்பற்றியது. அதற்குப் பிறகு வாங்கப்பட்ட அம்பர் புதைபடிவங்கள் குறித்த கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம் 2020 ஏப்ரலில் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. அம்பர் விற்ற பணம் போருக்குப் போகிறது என்பது அவர்கள் வாதம்.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. ஆய்வாளர் வாங்காவிட்டால் அந்த வண்டு ஒரு பதக்கமாகி யாரோ ஒருவரின் கழுத்தில் தொங்கும்; 62 மகரந்தத் துகள்களை யாரும் எண்ணமாட்டார்கள். இராணுவம் வருவதற்கு முன்பே சேகரித்தவற்றை ஏன் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எனக்கும் முழுத் தடையில் உடன்பாடில்லை. ஆனால், மூல மாதிரி பொது அருங்காட்சியகத்தில் இல்லை, எப்போது எங்கே வாங்கியது என்று கட்டுரையில் இல்லை என்றால் அந்தப் பெயரை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. வாங்கிய தேதியை மறைப்பவர், நம்மைப் பாதி சான்றை மட்டும் பார்த்து நம்பச் சொல்கிறார். இன்னொன்றும் உறுத்துகிறது: மியன்மாரின் மண்ணிலிருந்து வந்த உயிரினங்களை விவரிக்கும் கட்டுரைகளில் மியன்மார் ஆய்வாளர்களின் பெயர் மிக அரிது. அந்த நாட்டு மாணவர்களுக்கு அவர்களுடைய வண்டுகளையே பார்க்க விமானச்சீட்டு வேண்டும்.

இது அண்டை நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். சரவாக்கில் மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்திலும் அம்பர் கிடைக்கிறது. மெராந்தி, கெருயிங் போன்ற மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த பழங்கால மரங்களின் பிசின் அது. பர்மிய அம்பரைவிட மிக இளையது என்றாலும், அதற்குள்ளும் பூச்சிகள் உண்டு. 1991-இல் அங்கே எடுத்த மிகப் பெரிய அம்பர் பாறையைப் பார்க்க விரும்பும் மாணவர்கள், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.