தேடி வராதது இல்லாதது ஆகாது

"கூகுள்ல அடிச்சுப் பாத்தாச்சு, அப்படி ஒண்ணும் இல்லீங்க." திருப்பூர் ராயபுரத்தில் இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மற்ற ஊர்களிலும் இதே நம்பிக்கைதான். இது தவறு என்று 1985-லேயே அளந்து காட்டியாயிற்று.

அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்களைக் கணினியில் தேடிய வக்கீல்களை டேவிட் பிளேர், எம்.இ. மேரன் இருவரும் சோதித்தார்கள். தேவையானதில் முக்கால் பங்காவது வந்தாக வேண்டும் என்பது வக்கீல்களின் நிபந்தனை. வந்துவிட்டதாகவே அவர்கள் நம்பினார்கள். மாதிரி எடுத்து எண்ணிப் பார்த்தால், கிடைத்திருந்தது சராசரியாக 20 சதவீதம்! வந்தவற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன, ஏமாந்தது அதனால்தான். வழக்குக்குக் காரணமான விபத்தை எல்லோரும் 'விபத்து' என்றே எழுதவில்லை. சிலர் 'சம்பவம்' என்றார்கள், சிலர் 'துரதிர்ஷ்டவசமான நிலைமை' என்றார்கள்.

திருப்பூரிலும் அதே சிக்கல் உண்டு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கம்பெனிக்காரர் அதை 'டையிங்' என்று தேடுவார், நாளிதழில் 'சாயப்பட்டறை' என்று இருக்கும், உத்தரவோ ஆங்கிலத்தில். இன்றைய தேடுபொறிகள் இவற்றை ஓரளவு இணைக்கின்றன. எந்த அளவு என்பதுதான் கேள்வி.

வந்தது பொருத்தமா என்பதைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். விட்டுப்போனது எவ்வளவு என்பது திரையில் தெரியாது. அதற்காகத்தான் 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 1,400 ஆய்வுக் கட்டுரைகளையும் 225 கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று ஆட்களை வைத்தே குறித்துவைத்துத் தேடல் முறைகளைச் சோதித்தார். இதே வகைச் சோதனைகளுக்காக 1992-இல் அமெரிக்காவில் 'டிரெக்' வந்தது. இந்திய மொழிகளுக்கு 2008-இல் 'ஃபயர்' வந்தது.

துணி வந்தால் திருப்பூர்க்காரர் தொட்டுப் பார்த்ததோடு விடமாட்டார். ரவுண்டு கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடை போட்டு, 100-ஆல் பெருக்கி ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்ப்பார். 180 கேட்டு 160 வந்தால் சண்டைதான். அதே மனிதர் தேடுபொறி காட்டும் முதல் பக்கத்தை மட்டும் அளக்காமலே ஏற்றுக்கொள்கிறார்.

தேடுபொறியையும் அப்படி அளக்க, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பீஸ் ரேட் பற்றித் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் பேசும் சொற்களிலேயே தொகுக்க வேண்டும். விடை உள்ள பக்கங்களை ஆட்கள் படித்துக் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு தேடுபொறியும் அவற்றில் எத்தனையைத் தவறவிடுகிறது என்ற கணக்கைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.