பாடியவர்: மார்கரித் பிலிப், ப்ளூசுனே

நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு எது கைக்கு வந்தாலும், பாட்டைப் படிக்கும் முன்பே என் கண் தேடுவது அதன் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான். யார் பாடினார், எந்த ஊர், எந்த வருஷம்? பெரும்பாலான பழைய தொகுப்புகளில் அந்த இடம் காலியாக இருக்கும். பாட்டு மண்ணிலிருந்து தானே முளைத்தது போலவும், தொகுத்தவர் குனிந்து பொறுக்கிக்கொண்டது போலவும் ஒரு தோற்றம் வரும்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வெளிவந்த ஒரு தொகுப்பு வரிசை அப்படி இல்லை. பிரான்சுவா மரி லூசெல் என்பவர் திரட்டிய பிரிட்டனி நாட்டுப் பாடல்களையும் கதைகளையும் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது: மார்கரித் பிலிப், ஊர் ப்ளூசுனே. அது அரசாங்கப் பதிவேட்டுக்கான பிரெஞ்சுப் பெயர். ஊரார் அழைத்தது மர்ஹாரித் ஃபுலூப் என்று.

பிரிட்டனி, பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம். பிரிட்டன் வேறு, இது வேறு. ஆனால் பெயர் ஒத்துப்போனது தற்செயல் அல்ல. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழிதான் அங்கே பேசப்படும் பிரெத்தோன். வேல்ஸ் மொழிக்கு உடன்பிறப்பு. பாரிஸிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரருக்கு அதில் ஒரு வாக்கியம்கூடப் புரியாது.

அந்த மொழி பேசும் மேற்குப் பகுதியில், ப்ளூசுனே என்ற சிற்றூரில், 1837இல் மர்ஹாரித் பிறந்தார். நிலம் கிடையாது. ஒரு கை ஊனம். எழுதப் படிக்கத் தெரியாது. கதிரில் நூல் நூற்பார். அது போதாதபோது பிச்சை எடுப்பார். இவற்றோடு இன்னொரு தொழிலும் இருந்தது. மற்றவர்களுக்காகக் கோயில் யாத்திரை போய் வருவது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்டனியில் புனிதர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பலருடைய பெயர் ரோமாபுரியின் பட்டியலிலேயே இருக்காது. ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு சிற்றாலயம், பக்கத்தில் ஒரு நீரூற்று, அவர் தீர்க்கும் ஒரு நோய். காய்ச்சலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர். நோயாளியே நடந்து போய் நேர்த்திக்கடன் செலுத்த முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் போகலாம். போகிறவருக்குச் சில காசு, சாப்பாடு. மர்ஹாரித் அப்படிப் போனார். ஆண்டு முழுவதும், எந்த வானிலையிலும், கால்நடையாக. வழியில் எந்தப் பண்ணை வீட்டில் இருட்டியதோ அங்கே இரவு தங்கல். அடுப்பங்கரையில் இடமும் ஒரு கிண்ணம் கஞ்சியும் கொடுத்த வீட்டுக்கு அவர் திருப்பிக் கொடுத்தது பாட்டும் கதையும். கேட்டதும் அங்கேதான். ஒரு வீட்டில் கேட்டது அடுத்த ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போகும். ப்ளூசுனேவிலிருந்து சற்றுத் தொலைவில் மெனெஸ் ப்ரே என்ற 302 மீட்டர் குன்று இருக்கிறது. அதன் உச்சியில் ஹெர்வே என்ற புனிதரின் சிற்றாலயம். பிறவிக் குருடர் என்று சொல்லப்படும் அவர்தான் பாட்டுக்காரர்களின் காவலர். பாட்டுக்காரர்களைக் காக்கப் பார்வையற்ற ஒருவரை அந்த மக்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊர் ஊராக அலைந்து பாடி வயிறு வளர்த்தவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

மர்ஹாரித் பாடியவற்றில் தலையாயது க்வெர்ஸ் என்ற வகை. கொலை, கப்பல் விபத்து, கொள்ளைநோய், பிள்ளையைக் கொன்ற தாய், ஏழைப் பெண்ணைச் சீரழித்த பிரபு என்று நடந்த கதையைச் சொல்லும் நீண்ட பாட்டு. இரண்டிரண்டு வரியாக ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். வாத்தியம் கிடையாது. பாடுகிறவர் அழமாட்டார், குரலை நடுக்கமாட்டார், கையை ஆட்டமாட்டார். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அப்படியே வரும். வரலாற்றாசிரியர் ஏவா கிய்யோரெல் இத்தகைய பாட்டுகளை 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையான நீதிமன்ற ஆவணங்களோடு வைத்து ஒப்பிட்டு 2010இல் ஒரு பெரிய நூல் எழுதினார். எழுத்தறியாதவர்கள் தலைமுறை தலைமுறையாக வாயில் சுமந்து வந்த வழக்குக் கதையும், வழக்குமன்றக் குமாஸ்தா எழுதி வைத்ததும் எத்தனையோ இடங்களில் கைகோத்துக்கொள்வதை அதில் பார்க்கலாம். நினைவு என்பது படித்தவர்களின் சொத்து என்று நம்பிவிட்ட நமக்கு இது உறைக்க வேண்டும்.

இப்போது அந்தப் பொடி எழுத்துக்கு வருகிறேன்.

1839இல் வில்மார்க்கே என்ற 24 வயதுப் பிரபு வீட்டு இளைஞர் ‘பர்சாஸ் பிரெய்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பிரிட்டனியின் பாடல்கள். ஐரோப்பா வியந்தது. படிப்பில்லாத குடியானவர் மொழி என்று ஏளனம் செய்யப்பட்ட ஒன்றுக்குள் இவ்வளவு பெரிய கவிதையா என்று பாரிஸ் பேசியது. ஆனால் வில்மார்க்கே பாடல்களைத் திருத்தினார், ஒட்டினார், மெருகேற்றினார், பழமை கூட்டினார். பாடியவர் யார் என்பது பெரும்பாலான இடங்களில் தெளிவாகக் கிடைக்காது. பிரிட்டனியின் கிராமங்களில் பிறந்து வளர்ந்த லூசெலுக்கு ஐயம் வந்தது. ‘நான் இத்தனை வருஷம் அலைந்தும் இந்த உருவத்தில் ஒரு பாட்டும் என் காதில் விழவில்லையே, எங்கே கேட்டீர்கள், யார் பாடினார்கள்?’ 1872இல் சென் ப்ரியோக் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் அந்தக் கேள்வியை வெளிப்படையாகவே எழுப்பினார். வில்மார்க்கே கடைசிவரை தம் குறிப்பேடுகளைக் காட்டவில்லை. இருவரும் 1895இல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். சண்டை மட்டும் இறக்கவில்லை. 1964இல் தொனாசியன் லொராங் என்ற இளம் ஆய்வாளர் வில்மார்க்கேயின் வீட்டாரிடமிருந்து அந்தக் குறிப்பேடுகளைப் பெற்றுப் படித்த பிறகுதான், பாடல்களின் அடித்தளம் உண்மையானது, மேற்பூச்சு வில்மார்க்கேயுடையது என்பது தெளிவானது. அதுவரை 90 ஆண்டுக்கு மேல் ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டே போலி என்ற பழியைச் சுமந்தது. பாடியவர்களின் பெயரையும் ஊரையும் முதலிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தப் பழி வந்திருக்காது. வில்மார்க்கேயின் மேல் எனக்கு மரியாதை உண்டு; அவர் இல்லாவிட்டால் லூசெலே கிளம்பியிருப்பாரா என்பது சந்தேகம். ஆனாலும் இந்தக் குற்றத்தை நான் சிறியதாக எண்ணவில்லை.

லூசெல் பெயரை எழுதினார். 1868இலும் 1874இலும் க்வெர்ஸ் பாடல்கள் இரண்டு தொகுதிகள், 1887இல் கதைகள் மூன்று தொகுதிகள், 1890இல் அனத்தோல் ல பிராஸின் துணையோடு மற்றப் பாடல்கள். எல்லாவற்றிலும் மர்ஹாரித் இருக்கிறார். ஒரு பிச்சைக்காரப் பெண் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கும் கதைகளுக்கும் உரியவராக அச்சில் நிற்கிறார். புத்தகத்தின் முகப்பில் இருப்பது லூசெலின் பெயர்தான். மர்ஹாரித்தால் அதைப் படிக்க முடியாது. லூசெலின் பயணங்களுக்குப் பணம் தந்தது பிரான்சின் பொதுக்கல்வி அமைச்சகம். பிரெத்தோன் மொழியைப் பள்ளிக்கூட வாசலோடு நிறுத்தியதும் அதே அமைச்சகம்தான். அதன் பள்ளிகளில் வாய்தவறித் தாய்மொழியில் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் பழைய மரச்செருப்பு போன்ற ஒரு பொருளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொரு பிள்ளை பேசி மாட்டும்வரை அது இறங்காது. காட்டிக்கொடுத்தால் விடுதலை. 1902இல் தேவாலயப் பிரசங்கமும் மறைக்கல்வியும் பிரெத்தோனில் கூடாது என்று அரசு சுற்றறிக்கை விட்டது. பாட்டியின் பாட்டை ஏட்டில் ஏற்றப் பணம், பேரனின் வாயில் அது வராதிருக்கத் தண்டனை. இதைத் தெரியாமல் நேர்ந்த முரண்பாடு என்று சொல்லி நான் கடந்துபோக மாட்டேன். இறந்த மொழியாக இருந்தால் அதைப் போற்ற அந்த அரசு அணியமாக இருந்தது.

லூசெலிடம் ஒரு குறை இருந்தது. சொல்லை எழுதினார், மெட்டை எழுதவில்லை. அவர் தொகுதிகள் அத்தனையும் ஊமை. அந்த ஊமையைப் பேச வைத்ததும் மர்ஹாரித்தான்.

1900ஆம் ஆண்டு. பிரான்சுவா வாலே என்ற அகராதி அறிஞர் ஒரு போனோகிராப் கருவியோடு வருகிறார். மர்ஹாரித்துக்கு வயது 63. கருவி என்றால் ஒரு ஊதுகுழல் போன்ற புனல், அதன் முனையில் ஒரு ஊசி, அதன்கீழ் சுழலும் கையளவு மெழுகு உருளை. மின்சாரம் கிடையாது, பாடுகிறவரின் குரல் புனலுக்குள் போய் ஊசியை அதிர வைக்க வேண்டும், ஊசி மெழுகில் கோடு கீற வேண்டும். உருளை தாங்குவது சில நிமிடப் பாட்டைத்தான். க்வெர்ஸோ நூறு அடிக்கு மேலும் ஓடும். ஆகவே சில அடி பாடியதும் நிறுத்திவிட்டு அடுத்த உருளை, அடுத்த பாட்டு. கதையை முடிக்காமல் அடுப்பங்கரையிலிருந்து எழுந்திராத ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் மெட்டுக்கு அது போதும். அந்த உருளைகளைக் கேட்டு மொரீஸ் துயமெல் என்ற இசையறிஞர் சுரம் எழுதினார். 1913இல் அவருடைய நூல் வெளிவந்தபோது, லூசெலின் பாடல்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து மெட்டு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க மர்ஹாரித் இல்லை. 1909இல் போய்விட்டார்.

மெழுகு இளகும், பூஞ்சை பிடிக்கும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் தின்னும். அப்படியும் சில உருளைகள் தப்பின. கரகரப்புக்கு நடுவே அவர் குரலை இன்றும் கேட்கலாம்.

பிரிட்டனியில் அந்தப் பாட்டுக்காரர் வரிசை அறுந்துபோகவில்லை. அதே நிலப்பகுதியில் கனிஹுவெல் ஊரைச் சேர்ந்த மரி ஜோசெஃப் பெர்த்ராங் என்ற மூதாட்டியை 1959இல் க்ளோதீன் மசெயாஸ் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பெர்த்ராங் பாடிய ‘ஸ்கோல்வன்’ என்ற க்வெர்ஸ், தாயிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வரும் ஒரு பாவியின் கதை. 13ஆம் நூற்றாண்டு வேல்ஸ் கையெழுத்துப் படி ஒன்றில் இருக்கும் செய்யுளோடு அது உறவுடையது என்று காட்டியவர் அதே லொராங். அந்த வட்டாரத்திலேயே சென் த்ரெஃபீன் ஊரில் 1957இல் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் யான் ஃபாஞ்ச் கெமெனெர். வீட்டில் பிரெத்தோன், பிரெஞ்சு பள்ளியில்தான் வந்தது. இளம்வயதிலேயே முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாட்டு கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார். தொகுக்கிறவர் ஒரு ஆள், பாடுகிறவர் வேறு ஆள் என்று 19ஆம் நூற்றாண்டு போட்ட கோடு அவரிடம் அழிந்தது. கேட்டதைத் தன் தொண்டையில் ஏற்றிக்கொண்டார். 1989இல் பர்சாஸ் என்ற இசைக்குழுவோடு முதல் இசைத்தட்டு, 1995 முதல் திதியே ஸ்கிபான் என்பவரின் பியானோவோடு மூன்று இசைத்தட்டுகள். க்வெர்ஸின் சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்குபவை அல்ல; ஆனாலும் கெமெனெர் தன் சுரத்தை விட்டுக்கொடுக்காமல் நின்று பாட, பியானோ சுற்றி நடந்தது. 1996இல் தான் திரட்டிய பாடல்களை நூலாக்கினார். 2019 மார்ச்சில், 61 வயதில் இறந்தார்.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிரெத்தோன் பேசினார்கள். இன்றைய கணிப்பு ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. அவர்களில் முதியவர்களே மிகுதி. 1977இல் பெற்றோர்களே கூடி ‘திவான்’ என்ற பிரெத்தோன் வழிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். முழுக்க அந்த மொழியில் கற்பிக்கும் அந்த முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 2021இல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் சொல்லிவிட்டது. பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. பாட்டு ஒரு மொழியைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றாது, அதற்குப் பள்ளியும் சட்டமும் வீடும் வேண்டும். ஆனால் அந்தப் பள்ளியில் இன்று ஒரு பிள்ளை மர்ஹாரித்தின் பாட்டைப் பாடும்போது, இது யாருடையது என்று கேட்டால் ஆசிரியரால் பதில் சொல்ல முடிகிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவரோ ஊர்ப் பாட்டுக்காரரோ பாடுவதை அடுத்த முறை செல்போனில் பதிவு செய்யும்போது, பாட்டு தொடங்கும் முன் பெயரையும் ஊரையும் தேதியையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். பாட்டை யாருக்கு அனுப்பினாலும் அந்தப் பகுதியை வெட்டாமல் அனுப்புங்கள்.