இடமின்மையால் விடுபட்ட சந்திரன்

2007 செப்டெம்பர் 10ஆம் திகதி காசினி விண்கலம், சனிக் கிரகத்தின் சந்திரன்களுள் ஒன்றான ஐயாபெட்டஸை ஏறத்தாழ 1,640 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து சென்றது. அதனையொட்டி அவ்விண்கலக் குழுவினருக்குக் கொழும்பிலிருந்து ஒளிப்பதிவு செய்யப்பட்ட வாழ்த்துரை ஒன்று சென்றது. அனுப்பியவர் ஆதர் சி. கிளார்க். அந்தச் செய்திக்குப் பத்திரிகையில் இடமில்லையென்று ஒதுக்கி வைத்தவன் நானேதான்.

காரணம் இருந்தது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோதிலும், அச்சம் அகலவில்லை. கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி உறங்கும் வாசகனுக்குப் பனிக்கட்டிச் சந்திரன் எதற்கு என்று எண்ணினேன்.

அந்த எண்ணம் பிழையானது என்றே இன்று கருதுகின்றேன்.

ஐயாபெட்டஸ் சுமார் 1,470 கிலோமீற்றர் விட்டமுடையது. பெரும்பாலும் நீர்ப்பனியால் ஆனது. 1671இல் பாரிஸிலிருந்து அதனைக் கண்டறிந்த வானியலாளர் காசினி, சனியின் மேற்குப் பக்கத்தில் மட்டுமே அதனைக் காண முடிந்தது. கிழக்கே வரும்போது அது மறைந்தது. அதன் ஒரு பாதி ஒளியும் மறுபாதி இருளுமாக இருக்க வேண்டும் என்றும், அது எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டியபடி சுற்றுகின்றது என்றும் அவர் ஊகித்தார். 1705இல் மேலான தொலைநோக்கியின் துணையுடன் கிழக்குப் பக்கத்திலும் அதனைக் கண்டார். காணாததை இல்லையென்று சொல்லாமல், ஏன் காணவில்லை என்று கேட்டவர் அவர்.

அந்த இருளின் காரணம் இப்போது பெருமளவு விளங்கியுள்ளது. தொலைவில் எதிர்த்திசையில் சுற்றும் ஃபீபி என்ற சந்திரனிலிருந்து கிளம்பும் தூசி, ஐயாபெட்டஸின் முன்முகத்தில் படிகின்றது. 2009இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அத்தூசியாலான பிரமாண்ட வளையத்தையே கண்டது. கருமை படிந்த நிலம் வெயிலை அதிகம் உறிஞ்சுகின்றது. அங்கு ஒரு நாள் என்பது நமது 79 நாட்கள். அந்த நீண்ட பகலில் பனி ஆவியாகி, குளிர்ந்த வெண்ணிலப் பகுதிகளில் போய் உறைகின்றது. எனவே கறுப்பு மேலும் கறுக்க, வெண்மை மேலும் வெளுக்கின்றது.

விளங்காத ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் இறுதியில் காசினி எடுத்த படங்களில், மத்தியகோட்டின் வழியே 1,300 கிலோமீற்றருக்கும் நீண்ட மலைத்தொடர் ஒன்று தெரிந்தது. சில இடங்களில் அதன் உயரம் 13 கிலோமீற்றருக்கும் மேல். நமது பீதுருதலாகலையைப் போல் ஐந்து மடங்கு. ஆதியில் வேகமாகச் சுழன்ற காலத்துப் புடைப்பு உறைந்து எஞ்சியது என்பர் சிலர். ஐயாபெட்டஸைச் சுற்றியிருந்த வளையம் ஒன்று சரிந்து விழுந்து குவிந்தது என்பர் வேறு சிலர். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

வேற்றுக்கிரகவாசிகள் கட்டிய மதில் அது என்று இணையத்தில் எழுதியவர்களும் உளர். நாம் விட்ட வெற்றிடத்தில் இத்தகைய கதைகளே வந்து குடியேறுகின்றன. இத்தனைக்கும் தமது 1968ஆம் ஆண்டு நாவலில் அச்சந்திரனில் வேற்றுலகத்தாரின் சின்னத்தை நிறுத்தியவர் கிளார்க்தான். ஆனால் அவர் கதையைக் கதையென்றே சொன்னார். மெய்யான விண்கலம் அங்கு சென்றபோது, 89 வயதில், சக்கர நாற்காலியில் இருந்தபடி, அது காட்டப்போவதை அறிய ஆவலுடன் காத்திருந்தார். ஆறு மாதங்களின் பின், 2008 மார்ச் 19இல், கொழும்பிலேயே காலமானார்.

அச்சத்தை மட்டுமே அறிவித்த பத்திரிகை, வாசகனின் உலகத்தை அவனது அறையின் அளவுக்குச் சுருக்கிவிட்டது. ஜூன் மாதச் செய்தியை எழுதியது எமது கடமை. அதில் ஓர் எழுத்தையும் குறைத்திருக்கக்கூடாது. எனினும் உட்பக்கத்தில் பத்து வரி இந்தச் சந்திரனுக்கு இருந்திருக்கலாம். விளம்பரம் வந்தால் அந்த இடம் எப்படியும் கிடைத்திருக்கும்.

இன்று பக்கங்களைப் பொறுப்பேற்றிருக்கும் இளைய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: விஞ்ஞானச் செய்தியை விசித்திரச் செய்தியாக்காதீர்கள், இடமில்லையென்று முதலில் அதனையே வெட்டாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்கரையிலோ கொட்டாஞ்சேனை மொட்டைமாடியிலோ சிறு தொலைநோக்கியுடன் நிற்கும் ஒரு பிள்ளை, சனிக்கு மேற்கே அந்த மங்கிய புள்ளியைத் தேடக்கூடும். எங்கே பார்க்க வேண்டும் என்று அப்பிள்ளைக்குத் தமிழில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.