விதவையின் மாட்டுவண்டி



உங்கள் பாட்டியைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் எத்தனை பேரை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தார்? இக்கேள்விகளுக்கு நம்மில் அநேகரிடம் பதில் இராது. பாட்டனாரின் பெயரும் அவர் விட்டுச்சென்ற நிலத்தின் அளவும் நினைவில் நிற்கின்றன. பாட்டியார் நடந்த வழி நினைவில் நிற்பதில்லை. பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நம் வீடுகளிலோ இந்த மறதி இன்னும் விரைவாய் வந்துவிடுகிறது.

ஆகவே இம்மாதம் ஒரு தாயின் குடும்ப வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் பெயர் மேரி ஃபீல்டிங் ஸ்மித். அமெரிக்க தேசத்தில் மார்மன் சபையார் என்று அழைக்கப்படுகிறவர்களின் முன்னோடிப் பெண்களில் ஒருவர்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். 1830-ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவிய அச்சபையின் உபதேசம் வேறு, நாம் பெற்ற உபதேசம் வேறு. அவர்கள் வேதாகமத்தோடு சேர்த்துப் பரிசுத்த நூலாகக் கொள்ளும் மார்மன் புத்தகத்தை நாம் வேதமாக ஏற்பதில்லை. எனினும் ஒரு தாயின் கண்ணீரையும் உழைப்பையும் மதிப்பதற்கு உபதேச வேறுபாடு தடையாக வேண்டியதில்லை. சாறிபாத்தின் விதவை இஸ்ரவேலின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தவள். ஆயினும் அவளுடைய பானையிலிருந்த மாவைக் குறித்து நமக்கு எழுதப்பட்டிருக்கிறதே!

கடல் கடந்த மகள்

மேரி 1801-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், மெதடிஸ்டு விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய சகோதரன் ஜோசப் ஃபீல்டிங்கும் தங்கை மெர்சியும் 1832-இல் கனடா தேசத்தில் குடியேறினர். இரண்டு ஆண்டுகள் கழித்து மேரியும் அவர்களைப் பின்தொடர்ந்தார். டொராண்டோ பட்டணத்தின் அருகே வாழ்ந்த இம்மூவரும் 1836-இல் மார்மன் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றனர். மறு ஆண்டில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கர்ட்லாண்டு என்னும் ஊருக்குச் சென்றனர்.

அங்கே ஜோசப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் ஹைரம் ஸ்மித்தின் மனைவி, ஒரு பெண்மகவைப் பெற்ற பதினொன்றாம் நாளில் மரித்துப்போனார். தாயற்ற பிள்ளைகள் ஐவர். கைக்குழந்தைக்கு இன்னும் மூன்று மாதமும் நிறையவில்லை. அந்த வீட்டிற்குத்தான் 1837-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி மேரி மணப்பெண்ணாய்ச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறு. திருமண நாளிலேயே ஐந்து பிள்ளைகளின் தாயானார்.

சிறைச்சாலையில் ஒரு பச்சிளங்குழந்தை

அடுத்த ஆண்டு அக்குடும்பம் மிசூரி மாநிலத்திலுள்ள ஃபார் வெஸ்ட் என்னும் இடத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கே பழைய குடிகளுக்கும் மார்மன் மக்களுக்கும் மூண்ட பகை ஆயுத மோதலாயிற்று. 1838 அக்டோபர் 27-இல் அம்மாநில ஆளுநர், மார்மன் மக்கள் விரட்டப்பட வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். சில நாட்களுக்குள் ஹைரம் பிடிபட்டார். நவம்பர் 13-ஆம் தேதி மேரி தம் தலைமகனைப் பெற்றபோது கணவர் காவலில் இருந்தார். குழந்தைக்கு ஜோசப் என்று பெயர் இடப்பட்டது.

பிரசவத்திற்குப்பின் மேரி கடும் நோயில் விழுந்து மாதக்கணக்கில் படுக்கையிலிருந்தார். குழந்தைக்குப் பாலூட்டியவர் தங்கை மெர்சி. தன் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்க, அக்காளின் குழந்தைக்கும் தன் பாலையே பகிர்ந்தளித்தார். 1839-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில், நோயாளியான மேரியை வண்டியில் படுக்கவைத்து, இரண்டு குழந்தைகளோடும் லிபர்டி என்னும் ஊரின் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்றார். ஹைரம் தம் மகனை முதன்முதலாக மடியில் ஏந்தியது அந்தச் சிறைக்குள்தான். அதன்பின் சகோதரிகள் பிள்ளைகளோடு மிசூரியை விட்டு இல்லினாய்ஸ் மாநிலத்திற்குச் சென்றார்கள். பெரிய பயணங்களைப் பற்றிய வரலாறுகளில் மெர்சியைப் போன்றவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அக்குழந்தை பிழைத்திருக்குமா என்று எண்ணிப்பாருங்கள்.

இல்லினாய்ஸில் நாவூ என்னும் புதிய நகரம் எழும்பியது. 1841-ஆம் ஆண்டு மே மாதம் மார்த்தா ஆன் என்னும் மகள் பிறந்தாள். அங்கே ஆலயம் கட்டப்பட்டபோது, பெண்கள் ஒவ்வொருவரும் வாரம் ஒரு காசு கொடுத்தால் ஆணியும் கண்ணாடியும் வாங்கலாம் என்று மேரியும் மெர்சியும் ஒரு சேகரிப்பைத் தொடங்கினார்கள். நம் சபைகளின் காணிக்கைப் பெட்டியும் பிடி அரிசியும் நினைவுக்கு வரவில்லையா?

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்தில் அச்சபைத் தலைவர்களிடையே பலதார மணம் நுழைந்தது. விதவையாயிருந்த தங்கை மெர்சி 1843-இல் ஹைரமுக்கே இன்னொரு மனைவியானார். பின்னர் 1890-இல் அச்சபை இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. வேதாகமமும் யாக்கோபின் வீட்டில் லேயாளும் ராகேலும் பட்ட வேதனையை மூடிவைக்கவில்லை. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டிவிட்ட குடும்ப வரலாறு பிள்ளைகளுக்குப் பயன் தராது.

1844 ஜூன் 27-ஆம் தேதி கார்த்தேஜ் என்னும் ஊரின் சிறையை ஒரு கும்பல் தாக்கியது. ஹைரமும் அவர் தம்பி ஜோசப் ஸ்மித்தும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மேரி விதவையானபோது மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு மூன்று. சில மாதங்களுக்குப்பின், அவர்களுடைய அந்நாளைய வழக்கப்படி, அவர் சபைத் தலைவர்களில் ஒருவரான ஹீபர் கிம்பாலுக்கு மனைவியாகச் சேர்க்கப்பட்டார். ஆயினும் வீட்டுப் பாரத்தைச் சுமந்தவர் அவரே.

ஆயிரம் மைல் வழி

1846 செப்டம்பரில் நாவூ நகரத்தில் எஞ்சியிருந்தோரும் துரத்தப்பட்டனர். மேரி பிள்ளைகளோடு மிசிசிப்பி நதியைக் கடந்து, அயோவா சமவெளியின் வழியாய், மிசூரி நதிக்கரையிலிருந்த விண்டர் குவார்ட்டர்ஸ் என்னும் முகாமை அடைந்தார். அங்கிருந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கு ஆயிரம் மைல்களுக்குச் சற்று மேற்பட்ட தூரம்.

1847-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உணவுப்பொருள் வாங்கும்படி மேரியும் அவருடைய சகோதரனும் மாட்டுவண்டிகளில் சென்று திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் அவர்களுடைய நல்ல ஜோடி எருதுகளைக் காணவில்லை. சகோதரனும் ஒன்பது வயது மகன் ஜோசப்பும் உயர்ந்த புல்வெளியில் ஆடை நனையத் தேடிக் களைத்தார்கள். முகாமுக்குத் திரும்பிய சிறுவன் தன் தாய் முழங்காற்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கக் கண்டான். எழுந்தபோது அவர் முகத்தில் புன்னகை இருந்தது. நீங்கள் சாப்பிடுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிப் புறப்பட்டார். அருகில் மந்தை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் வேறொரு திசையைக் காட்டினான். அவர் அதற்குச் செவிகொடாமல் நதியை நோக்கி நடந்தார். ஒரு பள்ளத்தில், வில்லோ மரப்புதரில், யாரோ கட்டிவைத்திருந்த நிலையில் எருதுகள் நின்றன. தம் வாழ்க்கையில் ஜெபத்தைக் குறித்த முதல் பாடம் அதுவே என்று அம்மகன் முதிர்வயதில் எழுதினார். ஒன்றைக் கவனியுங்கள்: ஜெபித்த அத்தாய் ஜெபித்த இடத்திலேயே அமர்ந்துவிடவில்லை. எழுந்து தம் கால்களால் நடந்தார்.

1848 ஜூன் மாதம் நெடும்பயணம் தொடங்கியது. வண்டிகளும் மாடுகளும் போதவில்லை. கூட்டத்தலைவர் அவரை நோக்கி, நீ வழியெல்லாம் எங்களுக்குப் பாரமாவாய், திரும்பிப் போ என்ற பொருளில் பேசினாராம். உங்கள் உதவியைக் கேட்கமாட்டேன், உங்களுக்கு முன்னே பள்ளத்தாக்கை அடைவேன் என்று மேரி விடையளித்தாராம். வழியில் அவருடைய எருது ஒன்று சுருண்டு விழுந்தது. தம் பெட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துவந்து, சகோதரர்களை அழைத்து அதன்மேல் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். எருது எழுந்து நடந்தது என்று மகன் சாட்சி எழுதிவைத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, அத்தலைவருக்கு முன்பாகவே, மேரியின் வண்டிகள் பள்ளத்தாக்கில் இறங்கின.

இவை யாவும் பத்து வயது நிரம்பாத ஒரு பிள்ளையின் கண்கள் கண்டு, பல ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்டவை. கூட்டத்தலைவரின் பக்கத்து நியாயத்தை இக்கதை நமக்குச் சொல்வதில்லை. ஆனால் தாய் அவமதிக்கப்பட்ட வார்த்தையைப் பிள்ளை வாழ்நாளெல்லாம் மறப்பதில்லை என்பது மட்டும் தெளிவாய் விளங்குகிறது.

உருளைக்கிழங்கின் தசமபாகம்

மில் கிரீக் என்னும் இடத்தில் அவர் நிலம் திருத்திப் பயிரிட்டார். ஓர் ஆண்டு உருளைக்கிழங்குக் குழிகளைத் திறந்தபோது, மிகவும் நல்ல கிழங்குகளை வண்டியிலேற்றித் தசமபாக அலுவலகத்திற்கு ஓட்டிச்சென்றார். அங்கிருந்த எழுத்தர், விதவையாகிய நீங்கள் தசமபாகம் கொடுப்பது வெட்கத்திற்குரியது என்று கடிந்து கூறினார். எனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தடுக்கப் பார்க்கிறீரா என்று மேரி அவரைத் திருப்பிக் கடிந்துகொண்டார். வண்டியை ஓட்டிவந்த மகன் 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத மாநாட்டில் இதைச் சபையார் நடுவில் சொன்னார்.

ஊழியக்காரர்களே, இச்சம்பவத்தைப் பிரசங்கத்தில் எடுத்து விதவைகளை நெருக்காதிருங்கள். அந்த எழுத்தரின் வார்த்தையிலும் இரக்கம் இருந்தது. மேரி தாமாக, மனவிருப்பத்தோடு கொடுத்தார். அவர் கதவை ஒருவரும் தட்டவில்லை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலும் 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்திலும் விதவைகளை விசாரிக்கும் பொறுப்பு சபையின் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கும் உரிமை விதவைக்கு உண்டு. தாங்கும் கடமை நமக்கு உண்டு.

தாய்க்குப் பின்

1852 செப்டம்பர் 21-ஆம் தேதி, சில வாரங்கள் நோயுற்றிருந்து, மேரி தமது ஐம்பத்தோராம் வயதில் மரித்தார். மகனுக்கு வயது பதின்மூன்று, மகளுக்குப் பதினொன்று. பள்ளத்தாக்கில் அவர் வாழ்ந்தது நான்கே ஆண்டுகள்.

தாயற்ற பிள்ளைகள் உடனே பரிசுத்தவான்களாகிவிடவில்லை. பள்ளி ஆசிரியர் தங்கையைத் தோல்வாரினால் அடிக்கப் போனபோது, ஜோசப் குறுக்கே பாய்ந்து அவரையே அடித்துவிட்டான். பள்ளிப்படிப்பு அத்துடன் முடிந்தது. 1854-இல், பதினைந்து வயதில், அவன் ஹவாய்த் தீவுகளுக்கு ஊழியனாக அனுப்பப்பட்டான். அங்கிருந்து தங்கைக்குக் கடிதம் எழுதினான், தங்கையும் எழுதினாள். இருவரும் முதியோராகும் வரை அக்கடிதங்கள் நிற்கவில்லை. அவற்றில் இருநூறுக்கு மேற்பட்டவை காக்கப்பட்டு நூலாகவும் வந்துள்ளன. மார்த்தா ஆன் பதினொரு பிள்ளைகளின் தாயாகி, தையல் வேலையும் செய்து குடும்பம் காத்து, 1923-இல் மரித்தார். ஜோசப் எஃப். ஸ்மித் 1901 முதல் 1918 வரை அச்சபையின் தலைவராயிருந்தார். மேரி பெறாமல் வளர்த்த மகன் ஜான், 1855 முதல் 1911 வரை அச்சபையின் குலத்தந்தை என்னும் பொறுப்பை வகித்தார்.

ஆனால் மேரி இவற்றில் ஒன்றையும் காணவில்லை. அவர் கண்டதெல்லாம் பிழைக்கவேண்டிய பிள்ளைகளும், ஓட்டவேண்டிய வண்டியும், குழியிலிருந்த கிழங்குகளும்தான்.

நமது வீடுகளுக்கு

பிரியமானவர்களே, இந்த வரலாறு நமக்கு எப்படிக் கிடைத்தது? மகன் மறக்கவில்லை, எழுதினார், பேசினார். மேரியும் எழுதினார். சிறையிலிருந்த கணவருக்கும், இங்கிலாந்தில் ஊழியம் செய்த சகோதரனுக்கும் 1839-இல் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் நோயைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் ஒரு தாயின் சொந்தக் குரலைக் கேட்கிறோம்.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறித்து எழுதும்போது பவுல் அப்போஸ்தலன் பாட்டியாகிய லோவிசாளின் பெயரையும் தாயாகிய ஐனிக்கேயாளின் பெயரையும் எழுதினார் (2 தீமோத்தேயு 1:5). அவர் எழுதாவிடில் அவ்விரு பெண்களையும் இன்று யார் அறிவார்?

ஆகவே இம்மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்ப ஜெபம் முடிந்தபின் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுங்கள். உங்கள் தாயாரோ மாமியாரோ உயிரோடிருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள்: அம்மா, நீங்கள் முதன்முதலில் ஊரை விட்டுப் புறப்பட்டது எப்பொழுது? கையில் என்ன இருந்தது? வழியில் யார் உதவினார்கள், யார் பாரம் என்று சொன்னார்கள்? அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். வெட்கமான பகுதி வந்தாலும் எழுதுங்கள். தொலைவில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்துங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாட்டியின் குரல் விளங்கும்.

தாமதிக்காதேயுங்கள். மேரியின் மகனுக்குத் தாயோடிருக்கக் கிடைத்தவை பதின்மூன்று ஆண்டுகளே. உங்களுக்கு எத்தனை ஆண்டுகள் மீதமுண்டென்று அறியீர்கள்.

திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனும் விதவைகளுக்கு ஆதரவுமான கர்த்தர் தாமே உங்கள் வீட்டிலுள்ள தாய்மாரைப் பலப்படுத்தி, அவர்கள் நடந்த வழியை உங்கள் பிள்ளைகள் அறியும்படி கிருபை செய்வாராக. ஆமென்.