பனையேறியின் உடம்பு கேட்கும் கருவி

தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென முதன்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கலான 2021-ஆம் ஆண்டில், 76 லட்சம் பனை விதைகளை விநியோகிக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் இளைஞர்கள் கூடிப் பனைவிதை நடுகிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் நட்ட பனை பாளை விட 12 முதல் 15 ஆண்டுகளாவது ஆகும். அன்றைக்கு அதில் ஏறப்போவது யார்? பனையேறிகள் தங்கள் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்ப விரும்புவதில்லை. மரமேறும் கருவிதான் வந்துவிட்டதே என்று பதில் சொல்பவர்கள் உண்டு. வந்தது; தென்னந்தோப்பில் பரவிய அளவுக்குப் பனங்காட்டில் பரவவில்லை. கருவி எவ்வளவு எடையைத் தாங்கும் என்று பார்த்தவர்கள், அதை நாள் முழுக்கப் பயன்படுத்தும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்காததே இதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய மரமேறும் கருவியில், கம்பிவடத்தால் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு மிதிகள் இருக்கும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை உயர்த்தி, மாடிப்படி ஏறுவதுபோல ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில், அதுவரை மரமே ஏறியிராத இளைஞர்களும் பெண்களும் சில நாட்களிலேயே இதைக் கொண்டு ஏறப் பழகினார்கள். தென்னைக்கு இது பொருந்தியதில் வியப்பில்லை. ஒரு மரத்தில் ஏறினால் மறுபடி ஏற ஏறக்குறைய 45 நாட்கள் ஆகும். காயை வெட்டிப் போட்டதும் இறங்கிவிடலாம்.

கருவியை வேலைதான் வடிவமைக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் மரமேறும் இருக்கை நல்ல சான்று. வேட்டையின் நியாய அநியாயம் தனி விவாதம். இங்கே கருவியை மட்டும் பார்ப்போம். மேலே உட்காரும் சட்டம், கீழே காலை மாட்டும் சட்டம் என்று அது இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்றில் பாரத்தைப் போட்டு மற்றதை நகர்த்தி ஏறுகிறார்கள். ஏறியவர் பல மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இடுப்பு வலித்து அசைந்தால் மான் ஓடிவிடும். அதனால் இருக்கையின் மென்மை, சுமக்கும் எடை, சத்தம் எழாமை ஆகியவற்றில்தான் தயாரிப்பாளர்கள் போட்டியிடுகிறார்கள். இருந்தும் அந்நாட்டு வேட்டைக்காரர்களுக்குப் பலத்த காயம் ஏற்படுவதற்கு மரத்திலிருந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணி வைத்த வேறு வகை இருக்கைகளில் ஏணியிலிருந்து இருக்கைக்குக் கால் மாற்றும்போதும் பலர் விழுகிறார்கள். பழைய இடுப்புப் பட்டை, விழுந்து தொங்குபவரின் மூச்சையே இறுக்கியது. அதன் இடத்தில் தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பட்டை வந்தது. பிறகு அடியிலிருந்து உச்சிவரை கட்டிய கயிற்றில், கூடவே நகரும் முடிச்சு வந்தது. ஏறும்போதே முடிச்சை மேலே தள்ளினால் போதும். கழற்றி மாட்டும் வேலை இல்லை. இப்படிக் கைக்கு எளிதாக்கினால்தான் பாதுகாப்பு ஏற்பாடு அன்றாடப் பழக்கமாகும்.

பனையேறியின் நாள் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. பருவ காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளை சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, பதநீர் இறக்க வேண்டும். ஒருவருக்கு 30 மரம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 ஏற்றம். கருவியை மாட்டிக் கழற்ற ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் கூடினாலே 2 மணி நேரம் போய்விடும். வெயில் ஏறுமுன் பதநீரை இறக்கியாக வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது. அதோடு 10 கிலோ இரும்பைத் தேரிக்காட்டு மணலில் மரத்துக்கு மரம் சுமக்கவும் வேண்டும். பனையின் அடி பருத்திருக்கும், மேலே போகப் போகச் சிறுக்கும். பாதி வழியில் வடத்தை இறுக்க வேண்டிவரும். கருவி ஓலைக்குக் கீழேயே நின்றுவிடுவதால், கருக்கு மட்டைகளுக்கிடையே கால் மாற்றிப் பாளைக்குப் போவது பழைய ஆபத்தாகவே நீடிக்கிறது.

காலில் தளைநாரை மாட்டி மரபு முறையில் ஏறுபவர் கருவியைவிட வேகமாக ஏறுவாரே என்று கேட்கலாம். ஏறுவார்தான். ஆகவே புதிய கருவியை அந்த வேகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் அந்த வேகத்துக்கு அவர் நெஞ்சிலும் பாதத்திலும் காய்ப்பு விழ, முழங்கால் தேயக் கொடுக்கும் விலை கணக்கில் வருவதில்லை. கருவி வந்தால் மரபு அழியும் என்ற கவலையையும் கேட்கிறோம். எந்தப் பாளையை எப்போது இடுக்குவது, எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பதே பனையேறியின் கலை. மரத்தில் நெஞ்சைத் தேய்ப்பது அந்தக் கலையின் பகுதி அல்ல. முதலில் பாதுகாப்பு, சௌகரியம் பிறகு என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆனால் தோளை அறுக்கும் பட்டையை 60 முறை ஏறுபவர் இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவார். அணியாத பட்டை யாரையும் காப்பாற்றாது.

எனவே எந்தக் கருவிக்கும் மானியம் தருமுன் அதைத் திருச்செந்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பனங்காடுகளில் ஒரு முழுப் பருவம் பனையேறிகளிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மரத்தில் தொடங்கி அடுத்த மரத்தில் ஏறும்வரை ஆகும் நேரம், நாள் முடிவில் எங்கே வலிக்கிறது, மாலைச் சுற்றுக்கும் அதையே எடுத்துப் போனாரா என்பதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கும் பொருந்தும் அளவுகளும் கருவியில் இருக்க வேண்டும். சோதனையால் குறையும் பதநீருக்கு ஈடாகப் பனையேறிக்கு நாள்கூலியை அந்தத் திட்டமே கொடுத்துவிட வேண்டும்.