வீட்டுக்கு அனுப்பும் ஒரு வரி

இரவு எட்டரை மணிக்கு வெள்ளானூரில் ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் நின்றால் நம் தொழிலின் நிலவரம் தெரிந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து, ஆவடி நெரிசலைத் தாண்டி வந்த அப்பா ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போனைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அது: நாளைக்குத் தீயணைப்பு வண்டி ஆக்டிவிட்டி, சிவப்பு சார்ட், ஐஸ் குச்சி, கிளிட்டர், பசை. கடைக்காரர் படித்துப் பார்ப்பதில்லை. முன்னால் வந்த ஐந்து பேரும் இதையேதான் கேட்டார்கள். யூகேஜி குழந்தை அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். அம்மா வெட்டுவார், அப்பா ஒட்டுவார். மறுநாள் காலை நாம் ஸ்டார் போடுவோம். யாருக்குப் போட்டோம் என்பது நமக்கும் தெரியும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் 2018 மே மாதம் உத்தரவிட்டார். ஒன்றாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்கேஜிக்கு எப்படிக் கொடுப்பது? நம்மில் பலர் டைரியில் ‘ஹோம்வொர்க்’ என்றிருந்ததை ‘ஹோம் ஆக்டிவிட்டி’ என்று மாற்றி எழுதிக்கொண்டோம். நான்கு கோட்டு நோட்டு இருந்த இடத்தில் கிளிட்டர் வந்தது. சில பள்ளிகளில் நோட்டும் போகவில்லை.

வீட்டில் செய்யச் சொல்லும் எதுவும் ஒரே வரியில் அடங்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வைத்தே நடக்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. ஆனால் அந்த ஒரு வரியை எழுதுவது எளிதல்ல. ஒரு பக்க ஒர்க்‌ஷீட் தயாரிப்பதைவிட அதற்குக் கூடுதல் பயிற்சி தேவை.

பரமபதத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நம் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டியது. வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்த நான்கைந்து வயதுக் குழந்தைகளோடு, 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டங்கள் உள்ள ஓர் அட்டையில் விளையாடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் அல்லது சற்றே கூடுதல், அவ்வளவுதான். எண்ணுவது, எண்ணை அடையாளம் காண்பது, எது பெரிது என்று சொல்வது எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது மறையவில்லை. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் விளையாடிய குழந்தைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

உடனே ‘வீட்டில் பரமபதம் விளையாடுங்கள்’ என்று குழுவில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சறுக்குகிறோம். நான்காம் கட்டத்தில் காய் இருக்கிறது, தாயக்கட்டையில் இரண்டு விழுகிறது. நம் வீடுகளில் எல்லோரும் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லித்தான் காயை நகர்த்துவோம். அந்த ஆய்வில் குழந்தைகள் ‘ஐந்து, ஆறு’ என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்தினார்கள். நான்குக்கு அடுத்தது ஐந்து என்பதைக் கை, கண், வாய் மூன்றும் சேர்ந்து பழகுவது அப்போதுதான். ஆகவே வீட்டுக்குப் போக வேண்டிய வரி இது: ‘காய் போகும் கட்டத்தின் எண்ணைக் குழந்தை வாய்விட்டுச் சொல்லட்டும்.’ கடையில் விற்கும் நூறு கட்ட அட்டை ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம் என்று வளைந்து வளைந்து ஏறும்; நான்கு வயதுக்கு அது குழப்பம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துக் கட்டம் நேராகப் போட்டால் போதும்.

பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாக இடுவதே எண்ணிக்கையின் அடிப்படை. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அழகாக இருக்கிறதென்று குன்றிமணி தரச் சொல்லாதீர்கள், அது நஞ்சு. மூன்று வயதுக் குழந்தை என்றால் புளியங்கொட்டைகூட மூக்கிலும் தொண்டையிலும் போய்ச் சிக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் என்பதால் கொடைக்கானலிலும் இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துடைப்பது, மடிப்பது என அன்றாட வேலைகளையே அவர் பாடமாக்கினார். இன்று அந்தத் தண்ணீர் ஊற்றும் பயிற்சிக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளைப் பள்ளிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. வீட்டில் குழந்தை சொம்பைத் தூக்கினால் அடி விழுகிறது. எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று பொருத்துவது, காய்ந்த துணியில் தன் சட்டையைப் பிரித்தெடுப்பது, கோலமாவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் கிள்ளி இழைப்பது எல்லாம் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கான வேலைகள்தாம். சிந்தும். சிந்தட்டும் என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டியது நாம்.

மொழி விஷயத்தில் நாம் செய்யும் தவறு இன்னும் பெரிது. ‘வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்’ என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லி, பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டை ‘கம், ஈட், ஸ்லீப்’ என்ற மூன்று சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். ஆவடி வட்டாரத்தில் இப்போது தெலுங்கு, இந்தி, ஒடியா பேசும் வீடுகளிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே விதிதான்: அம்மாவுக்கு எந்த மொழியில் திட்டவும் கொஞ்சவும் வருமோ அந்த மொழியில் கதை சொல்லட்டும். தமிழ் வீடுகளுக்குக் கைதட்டி விளையாட ஒன்று சொல்லலாம். ‘தவளை’க்கு மூன்று தட்டு, ‘பல்லி’க்கு இரண்டே தட்டு. எழுதும்போது பல்லியும் மூன்று எழுத்து. இந்த வேறுபாடு காதில் விழுந்த குழந்தைக்கு மெய்யெழுத்தின் புள்ளி பிறகு புதிராக இருக்காது.

அங்கன்வாடிப் பணியாளர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சத்துணவு, எடை, தடுப்பூசி, பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவே வீட்டுக்கு வேறு குறிப்பு எழுத வேண்டுமா என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான். நம் மாநிலத்தில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வில், சில மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியபோதே பேசியிருக்க வேண்டிய கணக்கு இது. மையத்தில் ஆள் பற்றாக்குறை என்றால் ஆள்தான் போட வேண்டும். அந்த வேலையை அம்மாக்கள் தலையில் தள்ளிவிட்டு அதற்கு ‘பெற்றோர் பங்கேற்பு’ என்று பெயர் வைப்பதை இந்த இதழ் ஏற்காது.

கடைசியாகப் போட்டோ. ‘செய்து முடித்துப் படம் அனுப்பவும்’ என்ற ஒரு வாக்கியம் போதும், விளையாட்டு அங்கேயே செத்துவிடும். காயை நகர்த்தும் குழந்தையிடம் ‘இங்கே பார், சிரி’ என்கிறோம். பக்கத்து வீட்டுப் படத்தில் அட்டை வண்ணத்தில் இருக்கிறதே என்று அம்மா ராத்திரியோடு ராத்திரியாக ஸ்கெட்ச் பேனா தேடுகிறார். படம் அனுப்பாத வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று நாமும் முடிவு கட்டுகிறோம். நிர்வாகம் ஆதாரம் கேட்கிறதென்றால், ஆதாரம் வகுப்பிலேயே இருக்கிறது. இந்த மாதம் ஒரே ஒரு திங்கட்கிழமை, வட்டமாக உட்கார்ந்ததும், ‘வீட்டில் விளையாடினீர்களே, யார் ஜெயித்தது?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ‘தாத்தா ஏமாத்திட்டாரு மிஸ், அஞ்சு போட்டுட்டு ஆறு கட்டம் போனாரு’ என்று ஒரு குழந்தை சொன்னால், அதை அப்படியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.